ரத்தம் நிற்காத நோய்

கபடியில் அடிபட்டால் நமக்குச் சீக்கிரம் சரியாகிவிடும். ஹீமோபிலியா ‘ஏ’ உள்ள பையனுக்கு முட்டிக்குள்ளேயே ரத்தம் கசிந்து, மூட்டு வீங்கி, நடக்கவே கஷ்டமாகிவிடும். ரத்தத்தை உறையவைக்கும் ‘காரணி 8’ என்ற புரதம் அவன் உடம்பில் குறைவு. பழுதான ஜீன் பெரும்பாலும் அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. அதற்காக அம்மாவைக் குறை சொல்கிறார்களே, என்ன நியாயம்? ஜீன் யாரைக் கேட்டு வருது!

காரணி 8-ஐ ஊசியில் ஏற்றினாலும் சில நாளில் தீர்ந்துபோகும். நம்ம வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் வேறு வழி பார்த்தார்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, நோய் தராதபடி மாற்றிய வைரஸ் மூலம் நல்ல ஜீனைச் சேர்த்து, திரும்பச் செலுத்தினார்கள். அதற்கு முன் கீமோ மருந்து தாங்கணும், லேசான விஷயமில்லை. 22 முதல் 41 வயது வரை 5 பேர் இதற்கு முன்வந்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த மாதங்களில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை!