தாளம் தவறும் முன்னே

சேலத்தில் குகை, அம்மாபேட்டைத் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்குத் தறியின் ஓசையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மிதி, நாடா, அடி என்று ஒரே கதியில் அது ஒலித்துக்கொண்டிருக்கும். அடுப்பங்கரையில் இருக்கும் நெசவாளியின் மனைவி அந்த ஓசையைக் கவனிப்பதே இல்லை. ஆனால் ஓர் அடி தப்பிவிட்டால் போதும், "என்ன, இழை அறுந்துவிட்டதா?" என்று உடனே குரல் கொடுப்பாள். கவனியாமலே கவனிக்கும் காது அது.

அவளுடைய மார்புக்குள் ஓடும் தறிக்குத்தான் அப்படிக் காது கொடுப்பார் இல்லை.

எட்டு அல்லது பத்து வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வருகின்றன. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்குகின்றன. வளர்கிற வயதின் வலி என்று வீட்டார் இருந்துவிடுகிறார்கள். தொண்டைக் கிருமியை எதிர்த்துக் கிளம்பிய உடலின் சேனை, ஆள் அடையாளம் தெரியாமல் தன் சொந்த இருதயத்தின் வால்வுகளையே தாக்கிவிட்டுப் போவது அப்போது யாருக்கும் தெரிவதில்லை. வீக்கம் வடிந்துவிடும், வால்வில் விழுந்த தழும்பு வடியாது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், அந்தச் சிறுமி தாயாகித் தண்ணீர்க் குடத்துடன் நாலு படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இந்த வியாதி ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாகப் பீடிக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவள், எல்லாருக்கும் வைத்தியம் பார்த்த பிறகுதான் தனக்குப் பார்த்துக்கொள்கிறாள்!

இருதயத்தின் இடப்பக்கத்து மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையே இரண்டு இதழ்கள் கொண்ட வால்வு ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அதன் வாய் நாலு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். தழும்பேறிய வால்வு ஒன்றரைக்கும் குறைவாகச் சுருங்கினால் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறார்கள் நிபுணர்கள். வாசல் குறுகியதால் இரத்தம் மேல் அறையில் தேங்குகிறது; அறை விரிகிறது. அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய பாவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இழைகள் அறுவதைப்போல, விரிந்த சுவரின் தசைநார்களுக்கு நடுவே தழும்பு புகுந்து மின்சாரம் செல்லும் பாதைகளைத் துண்டிக்கிறது. முடிவில் ஒருநாள் அந்த அறை சுருங்கி விரிவதை விட்டு, நிமிஷத்துக்கு முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வேகத்தில் வெறுமனே துடித்து நடுங்கத் தொடங்குகிறது.

நடுங்குகிற அறையில் இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தவர்கள் 1978-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தாளம் தவறிய இருதயம் உடையவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு. அத்துடன் இந்த வால்வு வியாதியும் சேர்ந்தால் ஏறக்குறைய பதினேழு மடங்கு. அதுவரை நடமாடிக்கொண்டிருந்த முப்பது வயதுப் பெண் காலையில் எழுந்து வாய் கோணி, கை விழுந்து கிடந்த பிறகே, அவளுக்கு இருதய நோய் இருந்ததென்று பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது.

இதை முன்கூட்டி அறிய வழியில்லையா? உண்டு. அந்த வழி ஒரு கப்பல் பட்டறையிலிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. ஸ்வீடன் தேசத்து லுண்டு நகரில் இங்கே எட்லர் என்ற வைத்தியர், எந்த நோயாளியின் வால்வை ரண சிகிச்சையால் திறக்கலாம் என்று நிச்சயிக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக சாஸ்திரி அவருக்குத் துணைவரானார். மால்மோ கப்பல் பட்டறையில் இரும்புத் தகடுகளின் உள் விரிசலைக் கண்டுபிடிக்க, காதுக்குக் கேளாத ஒலியைச் செலுத்தி எதிரொலியை வாங்கும் கருவி இருந்தது. அதை இரவல் வாங்கித் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார் ஹெர்ட்ஸ். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, அசையும் இருதயத்தின் எதிரொலி முதன்முதலாகப் படத்தில் பதிவாயிற்று. எந்த வால்வு நமது பெண்களை மூச்சுத் திணற வைக்கிறதோ, அந்த வால்வுக்காகவே இந்தக் கலை பிறந்தது.

மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையில் கேட்கும். மார்பில் வைக்கும் கருவியோ இருபது முதல் ஐம்பது லட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது. கத்தியில்லை, ஊசியில்லை, வலியில்லை. 'எக்கோ' என்று இன்று பட்டிதொட்டியெல்லாம் அறிந்த பரிசோதனை இதுதான். வால்வின் வாய் எவ்வளவு, மேல் அறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை டாக்டர் அளந்துகொள்கிறார். சமீப ஆண்டுகளில் இதற்கும் மேலே ஒரு படி போயிருக்கிறார்கள். படத்தில் தெரியும் புள்ளிகளை யந்திரமே பின்தொடர்ந்து, அறையின் சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு நீள்கிறது என்று சதவீதத்தில் சொல்கிறது. நல்ல சுவர் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நீளும். இத்தாலிய வைத்தியர்கள் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வால்வு சுருங்கியும் தொந்தரவு ஏதும் உணராத சுமார் நூறு பேரை நாலாண்டு கவனித்தார்கள். ஐந்தில் ஒருவருக்குத் தாளம் தவறியது. நீட்சி பதினேழு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தவர்களே பெரும்பாலும் அவ்விதம் ஆனவர்கள். அறை எவ்வளவு பெரிது என்பதைவிட எவ்வளவு விறைத்துவிட்டது என்பதே நம்பத்தக்க முன்னறிவிப்பு என்று ஏற்பட்டது.

இதை ஜோதிடமாக எண்ணிவிடக் கூடாது. நூறு பேரை வைத்துச் செய்த கணக்கு நூறு பேருடைய கணக்குத்தான். நீட்சி குறைந்தவர்கள் எல்லாரும் உடனே மருந்து சாப்பிட வேண்டுமென்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் தாளம் இன்னும் தவறாத நிலையிலேயே, மேல் அறையின் குறுக்களவு ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, அறைக்குள் இரத்தம் புகைபோலச் சுழல்வது எக்கோவில் தெரிந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று ஐரோப்பிய நிபுணர்களின் நெறிமுறை கூறுகிறது. அந்த அளவு பாதகமாக உள்ளவர்களை அடிக்கடி அழைத்துப் பார்ப்பதற்கு யந்திரத்தைவிட மனமே அதிகம் தேவை.

நமது மாகாணத்துக்கு இது புதிய போராட்டமன்று. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியார், சுருங்கிய வால்வை மூடிய முறையில் திறந்த 3,724 நோயாளிகளின் விவரத்தை 1983-இல் உலகத்தின் முன் வைத்தார்கள். அதே வேலூரார் 2001-2002-இல் சுற்றுவட்டக் கிராமங்களில் இரண்டேகால் லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு ஒருவர்கூட அகப்படவில்லை. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ஹரியானாவில் பல்லப்கரில் காதால் கேட்டு ஆயிரத்துக்கு ஒருவரையும் காணாத இடத்தில், எக்கோ வைத்துப் பார்த்தபோது இருபது பேர் வெளிப்பட்டார்கள் என்று 2011-இல் எழுதியிருக்கிறார்கள். காது விட்டதை எதிரொலி பிடிக்கிறது!

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி 1986-இல் ஏற்பட்டது. 1997-இல் தனி ஜில்லாவாகப் பிரிந்த நாமக்கல்லுக்கு 2022-இல் மருத்துவக் கல்லூரி கிடைத்தது. ஆகவே கொல்லிமலை அடிவாரத்துப் பெண்ணும் ராசிபுரத்துப் பெண்ணும் சென்னைக்கோ வேலூருக்கோதான் ஓட வேண்டுமென்ற காலம் போய்விட்டது.

தாளம் தவறிவிட்டவர்களுக்கு உறைவைத் தடுக்கும் பழைய மருந்தே இன்றும் கைகொடுக்கிறது. இரத்தப் பரிசோதனையே வேண்டாத புதிய மருந்து ஒன்றை 24 தேசங்களில் நாலாயிரத்தைந்நூறு பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில் பழையதே வென்றது. ஆகவே மாதந்தோறும் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளும் சிரமத்துக்குத் தப்பில்லை. முருங்கைக் கீரையை அடியோடு ஒதுக்கிவிட்டு ஒருநாள் திடீரென்று சட்டி நிறையச் சாப்பிடுவது கூடாது. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்கட்டும். கர்ப்பம் தரித்தவர்கள் முதல் மாதமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இம்மருந்து சிசுவைப் பாதிக்கக் கூடியது.

வால்வையே மாற்ற வேண்டியவர்களுக்கு ஒரு சுதேசிச் செய்தி உண்டு. டாக்டர் வலியத்தானும் அவருடைய சகாக்களும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் மூன்று மாதிரிகள் தோற்றும் தளராமல் நாலாவதில் வெற்றி கண்டார்கள். 1990 டிசம்பர் 6-ஆம் தேதி நமது நாட்டில் செய்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தில் பொருத்தப்பட்டது. டி.டி.கே. கம்பெனியார் அதைச் செய்து விற்கிறார்கள். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி ஆசிரமம் அமைத்துக் கதர் நூற்க வைத்த சீமையில் உள்ளவர்களுக்கு, இதன் அருமையை விளக்க வேண்டுமா?

மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிஸிலின் ஊசி, டாக்டர் சொன்ன ஆண்டுவரை ஒன்றும் தவறலாகாது. வளர்ந்த பெண்களுக்கோ வீட்டிலேயே ஒரு பரிசோதனை உண்டு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு நிமிஷம் முழுதும் எண்ணுங்கள். துடிப்பு ஒன்று நெருங்கியும் ஒன்று விலகியும், எந்த ஒழுங்குக்கும் அகப்படாமல் ஓடினால், சேலத்துக்குப் பஸ் ஏறுவதற்கு அது போதுமான காரணம். அறுவடை முடியட்டும், ஆடி நோன்பு கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.