மூடி வைத்த மொரிஸ் மைனர்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஊரில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களுக்கெல்லாம் விலை ஏறியது எமக்குத் தெரியும். அந்த நாட்களில் உதிரிப்பாக வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். போர்ட்டிகோவில் உறை போட்டு நின்ற என் வாப்பாவின் மொரிஸ் மைனரைக் கண்டதும், தேநீர் ஆறுவதற்குள் விலை பேசத் தொடங்கிவிட்டார். நான் வாய் திறக்குமுன் மகன் சொன்னான்: "வாப்பா, வாற விலைக்குக் குடுத்துடுங்க. அது சும்மாதானே நிக்குது."

கோபம் வந்தது. ஆனால் இரவில் யோசித்தபோது அவன் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அவன் வயதில் அந்தக் காரோடு அவனுக்கு என்ன உறவு இருந்தது? நான் வைக்கவிடவில்லை.

வாப்பா அப்படியல்ல. 1970களில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக் காலையென்றால் கார் கழுவும் வேலை. ஜும்ஆவுக்குப் போகுமுன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்ப்பதும், டோர்ச் பிடிப்பதும் என் பொறுப்பு. எட்டு வயதில் கை முழுக்க கிரீஸ். கதவுத் தூணிலிருந்து சின்னக் கை போல் வெளியே நீளும் சிக்னலை அமுக்கி விளையாட வாப்பா விடுவார். நானோ காரைப் பொன்போல் காத்தேன். பிள்ளைகள் கிட்டப் போனால், "தொடாதே, பெயின்ட் கீறும்" என்றேன். இருபது வருடம் தொடாதே என்று சொல்லிவிட்டு, பிறகு ஏன் விருப்பமில்லை என்று கேட்டால் எப்படி?

இந்தக் காரின் வரலாறு வியாபாரிகளான எமக்குச் சுவையானது. 1948இல் இங்கிலாந்தில் மைனர் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் வந்த மினியும் அவர் கைவேலைதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. எம் நாட்டில் 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியில்லை. அந்தத் தட்டுப்பாடுதான் எம் பாஸ்மாரின் கைகளைப் பழக்கியது. 1990களில் மைனரின் தகட்டுப் பாகங்கள் இங்கே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின என்றால் பாருங்கள்.

விற்கவில்லை. உறையைக் கழற்றினேன். மகனைக் கூப்பிட்டேன், வந்தான், பத்து நிமிடத்தில் போனைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டான். அவனை வற்புறுத்துவதில் பயனில்லை. வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் இளைய மகள். "வாப்பா, ஏன் இது இழுக்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், அவளைக் கூப்பிட வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கதை சொல்லவில்லை. பழுதைக் காட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பொயின்ட் எங்கே என்று காட்டி, ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்தேன். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். மூன்றாம் தடவை சரியாக வைத்தாள். பிறகு எஸ்.யூ. கார்பரேட்டரின் தலையில் ஒயில் வற்றியிருந்ததையும் அவளே கண்டுபிடித்தாள். அந்த ஒயில் இல்லாவிட்டால் எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி திக்கும். எஞ்சின் ஒரே சீராக ஓடியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

முக்கியமான ஒன்றை அவளிடம் பலமுறை சொன்னேன். முன்சில்லைத் தாங்கும் கிங்பின் மரையில் கிரீஸ் வற்றினால் மரை தேயும். ஒரு நாள் சில்லு மடிந்து கார் ரோட்டில் முகங்குப்புற உட்கார்ந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்டுக்குக் காசு கொட்டி, இந்த ஐந்து நிமிட வேலையை மறந்துவிடுகிறார்கள்.

செலவுக்கு ஒரு கொப்பி போட்டேன். டயர், பெற்றரி, பிரேக், பாஸ் கூலி எல்லாம் அதில் உண்டு. பழைய கார் ஒரு முதலீடு என்று சிலர் சொல்கிறார்கள். கொப்பியை ஒழுங்காக எழுதுகிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். 2022இல் கியூஆர் குறியீட்டுக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய நாட்களில், மாதத்துக்கு இரண்டு முறை ஸ்டார்ட் பண்ணி கேற் வரை போய் வருவதோடு சரி. அதையும் அவள்தான் செய்தாள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. மகன் புதுக் கார் பார்க்கத் தொடங்கினான். அப்போதுதான் எனக்கு வேறு கவலை வந்தது. நான் மவுத்தானால் இந்தக் காரும் ஏனைய சொத்துக்களோடு வாரிசுகளுக்குப் பங்காகும். காரைப் பங்கு பிரிக்க ஏலாது, விற்றுத்தான் பிரிக்க வேண்டும். சண்டையே இல்லாத குடும்பத்திலும் கார் உறைக்குள் இருந்தே துருப்பிடிக்கும். ஹயாத்தோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுப்பதென்று தீர்மானித்தேன். வாயால் சொன்னால் போதாது. வாங்குகிறவர் ஏற்க வேண்டும், பொருளும் கைமாற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரும் மாற வேண்டும்.

மகனை முதலில் உட்கார வைத்துப் பேசினேன். அவனுக்கும் குறையில்லாமல் வேறொன்று எழுதினேன். "எனக்கு அது வேணாம் வாப்பா, ஆனா கல்யாணத்துக்கு அதுலதான் போவேன்" என்றான். தங்கச்சியிடம் கேட்டுக்கொள் என்றேன். சாவி இப்போது அவளிடம் இருக்கிறது.