இரண்டு நிமிடச் சவாரி, ஒன்றரை மணி நேர வரிசை: தில்லி இழந்த "அப்பு கர்"

புது தில்லி: கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் எந்தக் குடும்பமும் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டே நிமிடங்களில் முடிந்துவிடும் சவாரிக்காக ஒன்றரை மணி நேரம் வெயிலில் வரிசையில் நிற்பது தகுமா என்பதே அது. தலைநகர் தில்லியில் இக்கேள்விக்கு 23 ஆண்டுகள் ஒரு முகவரி இருந்தது. பிரகதி மைதானத்தையொட்டி, மதுரா சாலையோரம் இயங்கிய "அப்பு கர்" என்னும் பூங்காவே அம்முகவரி.

இன்று அங்கு ராட்டினங்கள் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் எழுந்து நிற்கிறது. ஆயினும், அந்த நிலத்தில் காத்திருப்பு முடிந்துவிடவில்லை. சவாரிக்காகக் காத்திருந்தவர்களின் இடத்துக்கு, தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள் வந்துள்ளனர்.

யானைக் குட்டியின் வீடு: 1982-ஆம் ஆண்டு நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அப்போட்டியின் சின்னமாக "அப்பு" என்ற யானைக் குட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமான ஆண்டும் அதுவே என்பதால், அப்பு ஒரே மாதத்தில் இந்தியக் குழந்தைகளின் தோழனாகிவிட்டது. போட்டி தொடங்கிய நாளிலிருந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 நவம்பர் 19-ஆம் தேதி, அப்புவின் பெயரால் "அப்புவின் வீடு" எனப் பொருள்படும் பூங்காவைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இந்தியாவின் முதல் நவீன கேளிக்கைப் பூங்கா என அது அழைக்கப்பட்டது.

அந்தத் தேதிக்கு மற்றொரு பொருளும் உண்டு. அன்று இந்திரா காந்தியின் பிறந்த நாள். அவர் படுகொலை செய்யப்பட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதைத் தொடர்ந்த சீக்கியர் படுகொலையில் தில்லியில் மட்டும் 2,733 பேர் உயிரிழந்ததாக அரசின் கணக்கே பின்னர் கூறியது. நிவாரண முகாம்களில் மக்கள் தங்கியிருந்த நகரில்தான் குழந்தைகளுக்கான ராட்டினங்கள் சுழலத் தொடங்கின. இதைக் காலத்துக்கு ஒவ்வாத கொண்டாட்டம் என்று கருத இடமுண்டு. எனினும், ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கியிருந்த ஒரு நகரம், அடுத்து வந்த ஆண்டுகளில் மதம், மொழி, தொழில் பாராமல் ஒரே வரிசையில் நின்ற வெகு சில இடங்களுள் ஒன்றாக அப்பு கர் மாறியது என்பதும் உண்மையே.

சின்னமான யானையின் கதை சோகமானது. குட்டிநாராயணன் என்ற இயற்பெயர் கொண்ட அது, சிறு வயதிலேயே கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. அக்காயம் முழுமையாக ஆறவேயில்லை. குருவாயூர் கோயிலின் யானைக் கொட்டிலில் வாழ்ந்த அது, 2005 மே மாதம் இறந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதன் பெயர் தாங்கிய பூங்காவும் மறைந்தது.

வரிசையின் கணக்கு: சவாரிக்கான வரிசை ஏன் அவ்வளவு நீளுகிறது? மக்கள்தொகை மட்டுமே இதற்குக் காரணமன்று. எடுத்துக்காட்டாக, 24 இருக்கைகள் கொண்ட "ரோலர் கோஸ்டர்" ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஓடும் நேரம் 2 நிமிடம். இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறி, ஒவ்வொருவரின் பாதுகாப்புப் பட்டையும் சரிபார்க்கப்பட மேலும் 2 நிமிடம். ஆக, ஒரு மணி நேரத்தில் 15 சுற்றுகள், 360 பேர். ஒருவருக்கு முன்பாக 540 பேர் நின்றால், அவர் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு வண்டி ஓடும்போதே மற்றொரு வண்டியில் ஆள் ஏற்ற வழியிருந்தால் இக்காத்திருப்பு பாதியாகும்.

ராட்டினத்தின் நிலை வேறு. தலா நால்வர் அமரும் 16 தொட்டில்கள் கொண்ட ராட்டினம் ஒவ்வொரு தொட்டிலுக்கும் அரை நிமிடம் நிற்குமானால், ஏற்றி இறக்குவதற்கே 8 நிமிடங்கள் ஆகிவிடும். சுற்றும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம். தில்லியின் மே மாத வெயிலிலும் ஜனவரி மாதப் பனியிலும் மக்கள் காத்திருந்தது இந்தக் கணக்குக்காகத்தான். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானத்தில் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடைபெறும் நாள்களில் கூட்டம் மேலும் பெருகும்.

தகுந்ததா காத்திருப்பு?: தனிச் சவாரியாக மட்டும் பார்த்தால், தகாது என்பதே நேர்மையான விடை. அப்பு கரில் இருந்த ராட்டினமும், ஊஞ்சல்போல் ஆடும் கப்பலும், மோதி விளையாடும் கார்களும் உலகத் தரத்தில் எளியவை. பிற்காலத்தில் அவற்றைவிட உயரமான, வேகமான சவாரிகள் நாட்டின் பல பகுதிகளுக்கும் வந்துவிட்டன.

ஆனால், மக்கள் அங்கு வாங்கியது இரண்டு நிமிட வேகத்தை மட்டுமன்று. திலக் பாலம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வர முடிந்தது. நகரப் பேருந்தில் வர முடிந்தது. 2006 நவம்பரில் மெட்ரோ ரயிலும் அருகில் வந்தது. யமுனைக்கு அக்கரையில் வாழும் தொழிலாளியின் பிள்ளையும், லோதி காலனி அரசு ஊழியரின் பிள்ளையும் ஒரே கம்பித் தடுப்புக்குள் முன்னும் பின்னுமாக நின்றனர். முன்னால் செல்ல வழியில்லாத வரிசை அது. அந்தச் சமத்துவத்தைக் கணக்கில் சேர்த்தால், காத்திருப்பு தகுந்ததே எனத் துணிந்து கூறலாம்.

காத்திருப்பின் உளவியல் குறித்து டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றளவும் பேசப்படுகிறது. எவ்வளவு நேரம் எனத் தெரியாத காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும். நியாயமற்ற காத்திருப்பும் நீண்டதாகத் தோன்றும் என்பது அவர் கூறியதன் சாரம். வரிசையின் நீளத்தைவிட அதன் நேர்மையே மனிதரைப் பொறுமையுடன் நிற்க வைக்கிறது.

விலைக்கு வந்த முன்னுரிமை: அந்த நேர்மைதான் இப்போது விலைக்கு வந்துள்ளது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 1999-இல் அறிமுகப்படுத்திய விரைவு அனுமதிச் சீட்டு, தொடக்கத்தில் அனைவருக்கும் இலவசமாகவே வழங்கப்பட்டது. 2021-இல் அதற்குப் பதிலாகக் கட்டணத் திட்டம் வந்தது. இந்தியாவிலும் பெரிய தனியார் பூங்காக்கள், கூடுதல் பணம் செலுத்துவோருக்குத் தனி வழி அமைத்துள்ளன. விரைவு வழியில் ஒருவர் ஏறும் ஒவ்வொரு முறையும், சாதாரண வரிசையில் நிற்பவரின் காத்திருப்பு ஓர் இருக்கை அளவுக்குக் கூடுகிறது. நிறுவனம் விற்பது தன்னுடைய நேரத்தையன்று. பின்னால் நிற்பவரின் நேரத்தை.

கோயில்களின் சிறப்பு தரிசனச் சீட்டையும், ரயில்வேயின் "தத்கல்" முன்பதிவையும் ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு இது புதிதன்று எனச் சிலர் வாதிடலாம். எனினும், சமத்துவத்தைக் குழந்தை முதன்முதலாகக் கற்கும் இடங்களுள் வரிசையும் ஒன்று. பணம் உள்ளவர் முன்னால் செல்வார் என்ற பாடத்தை ஆறு வயதில் கற்பிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

பூங்கா மூடப்பட்ட விதம்: குத்தகை தொடர்பான வழக்கின் முடிவில், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2008 பிப்ரவரி 17-ஆம் தேதியுடன் அப்பு கர் மூடப்பட்டது. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் தில்லி மெட்ரோவுக்கும் என ஒதுக்கப்பட்டது. கடைசி நாள்களில் பிரியாவிடை கொடுக்க மக்கள் திரண்டனர்.

நீதிமன்றத்தின் தேவையை எவரும் மறுக்க முடியாது. 1950-இல் எட்டு நீதிபதிகளுடன் தொடங்கிய உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 2019-இல் 34 ஆனது. 1958 முதல் இயங்கிவரும் திலக் மார்க் கட்டடத்தில் வழக்குரைஞர்களுக்கும் கோப்புகளுக்கும் இடமில்லை. சுமார் 12 ஏக்கரில் எழுப்பப்பட்ட கூடுதல் வளாகத்தை 2019 ஜூலை 17-ஆம் தேதி அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்துவைத்தார். அதே ஆண்டு இறுதியில் பிரகதி மைதான் மெட்ரோ நிலையம், "உச்ச நீதிமன்றம்" எனப் பெயர் மாற்றப்பட்டது.

ஆயினும், நிலத்தின் பேரிலான தகராறு ஓயவில்லை. அப்பு கர் பகுதியில் ஒதுக்கப்பட்ட 1.33 ஏக்கர் நிலம் முழுவதையும் வழக்குரைஞர் அறைகளுக்கே தர வேண்டும் என உச்ச நீதிமன்ற வழக்குரைஞர் சங்கம் மனு செய்தது. பல மாதங்களாக மனு பட்டியலிடப்படவில்லை எனச் சங்கத்தின் அன்றைய தலைவர் 2023 மார்ச் மாதம் முறையிட்டபோது, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டுக்கும் அவருக்குமிடையே கடும் வாக்குவாதம் மூண்டது. மனு குறித்த நாளில் வரும், ஆனால் பட்டியலில் முதலாவதாக வராது எனத் தலைமை நீதிபதி தெரிவித்தார். ராட்டினத்துக்காக மக்கள் வரிசையில் நின்ற நிலத்துக்காக, வழக்குரைஞர்களே வரிசையில் நிற்க நேர்ந்தது. நீதித்துறை வழியில் உத்தரவிட இயலாது, நிர்வாக ரீதியாகப் பரிசீலிக்கலாம் என அம்மனு முடித்துவைக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்குகளின் எண்ணிக்கை 2025-இல் 80,000-ஐத் தாண்டியிருந்தது. இங்கு நிற்பவருக்கு முன்னால் எத்தனை பேர் உள்ளனர் என்பது தெரியாது. தன் முறை எப்போது வரும் என்பதும் தெரியாது. அந்த வகையில், ராட்டின வரிசையே மேலானது.

மாற்று இடம் எங்கே?: பூங்கா மூடப்பட்டபோது குழந்தைகளுக்கு மாற்று இடம் நகரின் மையத்தில் வழங்கப்படவில்லை. குருகிராமில் 2014-இல் அதே பெயரில் நீர்ப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அத்திட்டத்தில் கடை இடங்களுக்குப் பணம் செலுத்தியவர்களின் புகார்கள் அமலாக்கத் துறை விசாரணை வரை சென்றன. பிரகதி மைதானமும் உருமாறியது. 1972-இல் எழுந்த "தேசங்களின் அரங்கு" 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. அவ்வளாகத்தில் எழுந்த "பாரத் மண்டபம்" 2023 ஜூலையில் திறக்கப்பட்டு, செப்டம்பரில் ஜி-20 மாநாட்டைக் கண்டது. குடிமக்கள் பொழுதுபோக்கச் சென்ற மைதானம், பிரமுகர்கள் கூடும் மண்டபமாகியுள்ளது.

எளிய கட்டணத்தில் எஞ்சியிருப்பவை பழைய கோட்டையை அடுத்த உயிரியல் பூங்கா, பைரோன் சாலையிலுள்ள தேசிய அறிவியல் மையம், சாணக்கியபுரியில் 1977 முதல் இயங்கும் ரயில் அருங்காட்சியகம் ஆகியவையே. அருங்காட்சியகத்தின் பொம்மை ரயிலுக்கு விடுமுறை நாள்களில் நிற்கும் வரிசை, அப்பு கர் விட்டுச் சென்ற வெற்றிடத்தின் அளவைக் காட்டுகிறது.

வெற்றிடத்தின் மற்றொரு பகுதியைத் தற்காலிகப் பொருட்காட்சிகள் நிரப்புகின்றன. அங்குதான் ஆபத்து உள்ளது. மொஹாலியில் 2022 செப்டம்பரில் பொருட்காட்சி ராட்டினம் ஒன்று உயரத்திலிருந்து விழுந்து 10-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். நிலையான பூங்காக்களும் விதிவிலக்கல்ல. ஆமதாபாதின் காங்கரியா ஏரிப் பூங்காவில் 2019 ஜூலை 14-ஆம் தேதி ஊசல் சவாரி முறிந்து இருவர் உயிரிழந்தனர். தில்லி கபஷேராவில் 2025 ஏப்ரலில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து 24 வயது இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். சவாரிகளின் பாதுகாப்புக்கான நெறிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது. ஆனால், சோதனையும் உரிமமும் மாநிலத்துக்கு மாநிலம், துறைக்குத் துறை சிதறிக் கிடக்கின்றன. நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டமும், அதைச் செயல்படுத்தும் பொறியாளர் குழுவும் தேவை. பட்டையைச் சரிபார்க்கும் இரண்டு நிமிடங்களைக் குறைத்து வரிசையை வேகப்படுத்துவதைவிட, அந்த இரண்டு நிமிடம் காத்திருப்பதே மேல்.

ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. 1992 டிசம்பரில் இந்தியா அதனை ஏற்றது. சாலைக்கும், மண்டபத்துக்கும், நீதிமன்றத்துக்கும் நிலம் எடுக்கும்போது மாற்று நிலம் பற்றிப் பேசும் அரசுகள், குழந்தைகளின் நிலம் எடுக்கப்படும்போது மட்டும் அதை மறந்துவிடுகின்றன. குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

2008-இல் வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்ட குழந்தைகள் இன்று பெற்றோராகும் வயதை எட்டியுள்ளனர். தங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தலைநகரின் மையத்தில், எளியோருக்கும் எட்டும் கட்டணத்தில், அனைவருக்கும் ஒரே வரிசையுள்ள பூங்கா ஒன்றை அவர்கள் கேட்பது மிகையான கோரிக்கையன்று. அதற்கான காத்திருப்பு ஏற்கெனவே மிகவும் நீண்டுவிட்டது.