நாய்க்கடிக்குப் பொருந்தாத சொல்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன்னை நாய் கடித்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அந்தக் கடி ‘பெர்னிஷியஸ்’ என்றிருந்தது. அடிக்கோடிட்டேன்.

“சார், ஹார்ம்ஃபுல்னு நீங்கதானே அர்த்தம் சொன்னீங்க?”

நான்தான். கரும்பலகையில் ‘தீங்கு விளைவிக்கும்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருந்தேன். பிழை அவளுடையதல்ல.

மறுநாள் அந்த ஒரு சொல்லுக்கே அரைப் பாடவேளை ஒதுக்கினேன். லத்தீனில் கொலை, சாவு என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல் இது. இன்றைய வழக்கில், வெளியே தெரியாமல் மெல்லப் பரவிக் கடைசியில் பெரிதாகக் கெடுக்கும் தீங்கையே பெரும்பாலும் குறிக்கிறது. நாய்க்கடி அந்த நொடியே வலிக்கும். அதற்கு இச்சொல் ஆகாது. கரையான் அரித்த கதவுநிலையைச் சொன்னேன். வெளியே வண்ணப்பூச்சு மினுங்கும். விரலால் தட்டினால் உள்ளே வெறும் கூடு. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

‘இஞ்சூரியஸ்’ அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், திரையரங்கப் புகையிலை எச்சரிக்கையின் புண்ணியத்தில். ‘நாக்ஷியஸ்’ நச்சுப் புகைக்கும் வாயுவுக்கும் உரியது. ‘டெலிட்டீரியஸ்’ பெரும்பாலும் ‘எஃபெக்ட்’ என்ற சொல்லோடு வரும். (அதை ‘டெலிஷியஸ்’ என்று படித்துவிடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு.) ‘பெர்னிஷியஸ்’ சேரும் இடங்கள் பொய், பழக்கம், கருத்து, செல்வாக்கு. பேச்சில் அரிது; தலையங்கம், கட்டுரை போன்றவற்றில் வரும்.

‘பெர்னிஷியஸ் அனீமியா’ பற்றி ஒரு மாணவன் கேட்டான். பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்ச முடியாததால் வரும் இரத்தசோகை அது. கல்லீரலில் இருப்பு உள்ளதால் குறைபாடு வெளியே தெரியவே ஆண்டுகள் ஆகலாம். ஆனால் பெயர் வைத்த காலத்தில் அது உயிர்கொல்லி என்பதே காரணம். 1926இல் மைனாட், மர்ஃபி இருவரும் கல்லீரலை உணவாகக் கொடுத்துப் பலன் கண்டார்கள். விப்பிளுடன் சேர்ந்து 1934இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று பி12 ஊசியே போதும். நோய் அடங்கிவிட்டது, பழைய பெயர் மட்டும் நிற்கிறது.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். நாய்க்கடி மாணவி எழுதியதன் பொருள் இது: ‘சிவப்பாக இருந்தால்தான் அழகு என்பது பெர்னிஷியஸ் பொய்.’

சொல்லுக்கு முன்னால் ‘எ’ விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் சேர்த்தேன்.