சரண்டர் செய்யும் முன் ஒரு கணக்கு

2025 அக்டோபர் முதல் 15 நாள் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு மீண்டும் வந்ததும், எங்கள் ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் அதுதான். ஐந்து ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த சலுகை; வாங்காமல் விடலாமா? நானும் விண்ணப்பம் எழுதிவிட்டேன். கொடுக்கும் முன் வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

பணியில் இருக்கும்போது பெறும் சரண்டர் தொகை சம்பளத்தோடு சேரும், வரி உண்டு. அதே விடுப்பை வைத்திருந்து ஓய்வின்போது பணமாகப் பெற்றால், அரசு ஊழியருக்கு முழுத் தொகைக்கும் வரி இல்லை. பழைய, புதிய இரண்டு வரிமுறைகளிலும் அப்படித்தான். தொகையும் கடைசிச் சம்பளத்தின்படி கிடைக்கும்.

ஓர் உதாரணம். புதிய வரிமுறையில் உள்ள ஓர் ஆசிரியருக்கு மாதம் 1,05,000 ரூபாய். ஆண்டுக்கு 12,60,000. நிலையான கழிவு 75,000 போக 11,85,000. 2025-26இல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. அவர் 15 நாள் சரண்டர் செய்து 52,500 பெறுகிறார். வருமானம் 12,37,500 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டிய 37,500 முழுவதும் வரியாகப் போகும். கூடுதல் வரி 4 சதவீதத்தோடு 39,000. கையில் நிற்பது 13,500. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

எல்லோரும் சரண்டரை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. சரண்டர் சேர்ந்த பிறகும் 12 லட்சத்துக்குள் இருக்கும் இளைய ஆசிரியருக்கு வரி வராது. பணத்தேவை இருந்தால் தாராளமாக வாங்கலாம். விடுப்பு 240 நாளை நெருங்கியவர் வாங்கத்தான் வேண்டும். அதற்கு மேல் சேர்வது வீணாகும். ஆனால் ஆண்டுக்கு 17 நாள் சேரும் நம் கணக்கில் 15 நாளை ஒவ்வோர் ஆண்டும் ஒப்படைத்தால் மிஞ்சுவது 2. முப்பது ஆண்டுப் பணிக்கு 60 நாள்தான்!

எங்கள் ஒன்றியத்தில் பணியிலிருக்கும்போதே இறந்த ஆசிரியரின் மனைவி, விடுப்புக்கான தொகை வந்ததும் வரி கட்டவேண்டுமோ என்று பயந்து கேட்டார். வேண்டியதில்லை. வாரிசுகள் பெறும் அந்தத் தொகை சம்பள வருமானம் ஆகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1965லேயே விளக்கம் தந்திருக்கிறது. அவருக்குக் கைகொடுத்தது, கணவர் பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்த்து வைத்திருந்தது. நம்மில் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை.

என் கணக்கில் இப்போது 171 நாள். எழுதிய விண்ணப்பத்தை இந்த ஆண்டு கொடுக்கவில்லை.