குடும்ப வன்முறைத் தரவுகளைத் தெரிதலும் மதிப்பிடலும்

முன்னுரை

சமூகப்பணி ஆய்வில் ஓர் எண் யாரால், எம்முறையில் திரட்டப்பட்டது என்பதை அறிந்த பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளவியலும். இந்தியாவில் குடும்ப வன்முறை குறித்துக் கிடைக்கும் இருவகைத் தரவுகள் இதனைத் தெளிவுபடுத்துகின்றன.

காவல்துறைப் பதிவுகள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளைத் தொகுக்கிறது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருப்பின், அவற்றுள் கடுமையானது மட்டுமே கணக்கில் சேரும். எனவே, கணவரின் கொடுமையும் வரதட்சணை மரணமும் ஒரே வழக்கில் பதிவானால் கொடுமை தனியே எண்ணப்படாது.

மாதிரிக் கணக்கெடுப்பு

தேசியக் குடும்ப நல ஆய்வு பெண்களிடமே நேரில் வினவுகிறது. வன்முறை குறித்து ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில் கேட்கப்படுகிறது. ஐந்தாம் சுற்றில் (2019-21), திருமணமான 18-49 வயதுப் பெண்களுள் 29.3 விழுக்காட்டினர் கணவரின் உடல்சார் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். இத்தகைய வன்முறையை எவரிடமிருந்தேனும் எதிர்கொண்ட பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினரே. அவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டையே நாடினர்.

மதிப்பீடு

வழக்குகள் மிகுவது வன்முறை மிகுந்ததையோ, புகாரளிக்கும் துணிவு வளர்ந்ததையோ குறிக்கலாம். மேலும், இவ்வாய்வின் வன்முறைத் தரவுகள் மாநில அளவிலானவை. மாவட்ட மதிப்பீடுகள் அதில் இல்லை. ஆதலால் மாவட்ட ஆய்வாளர் வழக்கு எண்ணிக்கையையே சார நேர்கிறது.

முடிவுரை

வழக்குகள் குறைந்த மாவட்டத்தை வன்முறை குறைந்த மாவட்டமாகக் கொண்டால், புகாரளிக்க இயலாத பெண்களுக்கே காப்பகமும் ஆலோசனை மையமும் கிட்டாமற்போகும். பதிவு எண்ணிக்கையைப் பரவல் விகிதமாகக் கொள்ளாமையே இவ்வகை ஆய்வின் முதல் நெறியாகும்.