எப்பதிப்பில் பிறந்தது?

நூலொன்றைக் கற்கப் புகுவோர் முன்னதாக அறிய வேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்பது சிறப்புப் பாயிரம். ஆக்கியோன் பெயர் முதலியவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சிலர் சேர்ப்பர் என்பது நன்னூல் தரும் செய்தி. தமிழ் பயில்வோர்க்குப் பழகிய இக்காலக் குறிப்பு, கணிப்பொறி மென்பொருளுக்கான கையேடுகளில் இன்றியமையாத ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டது.

குறித்த ஒரு பணியைச் செய்து தருமாறு பெயரிட்டு அமைக்கப்பட்ட நிரற்பகுதியை ஃபங்ஷன் என்பர். தமிழில் செயற்கூறு எனலாம். கணிப்பொறி மொழிகள் பதிப்புதோறும் புதிய செயற்கூறுகளைப் பெறுகின்றன. சொற்றொடரின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் 'ஸ்டிரிப்' என்னும் செயற்கூறு, ஜாவா மொழியில் 2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. வீட்டில் அப்பதிப்பைக் கொண்டு நிரல் எழுதிய மாணவர், 8ஆம் பதிப்பு மட்டுமே உள்ள ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் அதனை இயக்க முயன்றால் பிழைச்செய்தியே கிடைக்கும். நிரலில் குற்றமில்லை, அவ்விடத்தில் அச்செயற்கூறு இன்னும் பிறக்கவில்லை, அவ்வளவே. "11 முதல்" என்று கையேட்டில் காணும் ஒற்றை வரியைப் படித்திருப்பின் அவ்வலைச்சல் நேர்ந்திராது.

இவ்வரியின் முன்னோடியைத் தேடிச் சென்றால் யூனிக்ஸ் கையேட்டினை அடையலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் ஆக்கிய அதன் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் நாளைத் தாங்கியுள்ளது. பக்கங்களின் தலைப்பிலும் நாள் உண்டு. எனினும் அது அப்பக்கம் எழுதப்பட்ட அல்லது திருத்தப்பட்ட நாளேயன்றி, அங்கு விளக்கப்படும் செயற்கூறு தோன்றிய நாளன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் இடர்ப்படுவர். பிற்காலத்தில் பெர்க்லி வழிவந்த கையேடுகள் 'வரலாறு' எனத் தனிப்பகுதி வகுத்து இக்குறையைப் போக்கின. ஒரு நிரலின் விளைவை மற்றொன்றுக்குச் செலுத்த உதவும் 'பைப்' யூனிக்ஸின் மூன்றாம் பதிப்பில் தோன்றியது என்பதை அங்கே காணலாம். அப்பதிப்பின் ஆண்டு 1973. குறிப்பு எழுதப்படாத செயற்கூறுக்குப் பழைய கையேடுகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவதே வழி. ஒன்றில் இல்லாதது அடுத்ததில் இருந்தால் அதுவே பிறந்த இடம். சுவடிப் பதிப்பாசிரியர்கள் இம்முறையை நன்கறிவர்.

தோற்றத்தை மட்டும் குறித்தால் போதுமா எனில், போதாது. பைத்தான் மொழியில் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டு தரும் 'ஜிசிடி' என்னும் செயற்கூறு 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பில் கணிதத் தொகுதியில் இடம் பெற்றது. அன்று அது இரண்டு எண்களையே ஏற்கும். 12, 18, 24 என மூன்றினை ஒருங்கே கொடுக்க இயன்றது 2020இல் வந்த 3.9 முதல்தான். ஆதலின் அம்மொழியின் கையேடு, சேர்ந்த பதிப்பையும் மாறிய பதிப்பையும் தனித்தனி வரியாகத் தருகிறது. (பதிப்பெண் தசம எண்ணன்று என்பதையும் மாணவர் மனங்கொள்க: 3.10 என்பது 3.9க்குப் பிந்தியது.) ரஸ்ட் மொழியின் அடிப்படைத் தொகுதியிலோ, நிலைபெற்றதென அறிவிக்கப்படும் செயற்கூறுக்கு எப்பதிப்பு முதல் என்று எழுதாவிடின் மொழிமாற்றியே நிரலை ஏற்க மறுக்கும். மனித மறதிக்கு இஃது ஏற்ற மருந்து என்பது எம் கருத்து.

ஒரு செயற்கூறுக்குப் பிறப்பு ஒன்றுதானா என்னும் வினாவும் எழுகிறது. எழுத்துச் சரத்தை ஒதுக்கிய இடத்திற்கு மேல் வழியாதவாறு படியெடுக்கும் 'எஸ்டிஆர்எல்சிபிஒய்' 1998இல் ஓப்பன்பிஎஸ்டி 2.4இல் அறிமுகமாயிற்று. டாட் மில்லர், தியோ டி ராட் ஆகியோர் அதனை ஆக்கினர். லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கும் ஜிலிப்சி தொகுதியோ நெடுங்காலம் அதனை ஏற்க மறுத்து, 2023இல் 2.38ஆம் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. போசிக்ஸ் தரநூலில் 2024இல் இடம் கிடைத்தது. ஆகவே எத்தொகுதியில், எப்பதிப்பு முதல் என்று இரண்டையும் சேர்த்து எழுதினாலன்றிக் குறிப்பு பயன்படாது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் லினக்ஸுக்கு எழுதியோர் பலர் அச்செயற்கூறின் படியொன்றைத் தம் நிரலோடு தாமே சேர்த்து அனுப்பினர், 2.38க்கு முற்பட்ட கணிப்பொறிகளையும் கருதி எழுதுவோர்க்கு அத்தேவை இன்றும் தீர்ந்தபாடில்லை.